தலைக்கு மேலே மஞ்சள் விளக்கு

என் தம்பி இசக்கிமுத்து கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நடந்ததைக் கேட்கிற எல்லோரும் எடுத்த எடுப்பில் அவனைத்தான் திட்டுகிறார்கள். அவனைத் திட்டுவதற்கு நான் இருக்கிறேன். நீங்கள் பேசாமல் கேளுங்கள்.

நான் கோமதி. திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். டிரைவர் இல்லாமலே பஸ் ஓடுகிற காலம் வந்த பிறகும் டைம் கீப்பர் மட்டும் வேண்டியிருக்கிறது. வண்டி கிளம்பும்போது "ஒரு நிமிசம், ஆள் வருது" என்று குறுக்கே நிற்கிறவர்களோடு மல்லுக்கட்ட எந்திரத்தால் முடியவில்லை. என்னால் முடியும். நான் விசில் அடித்தால் வண்டி போகும். கெஞ்சினாலும் போகும், அழுதாலும் போகும். இருபது வருடமாக இதையே செய்து, நேரம் தவறுகிறவர்கள் மேல் எனக்குத் தீராத கடுப்பு.

அப்பா அம்மா இல்லை. நான், எனக்கு அடுத்து வடிவு, கடைசியாக ஓசூர் பேட்டரி கம்பெனிக்கு வேலைக்குப் போன இசக்கி. போன ஆவணியில் வடிவுக்கு ரத்தப் புற்று என்று சொன்னார்கள். மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நாலு மாதம் மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டி, நகம் கறுத்து, ஒரு வழியாக நோய் அடங்கியது. டாக்டர் நசீமா என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"அடக்கித்தான் வெச்சிருக்கோம்மா, அழிக்கல. மறுபடி தலை தூக்கும். அதுக்குள்ள வேற ஒருத்தரோட எலும்பு மஜ்ஜை அணுக்களை உங்க தங்கச்சிக்கு ஏத்திடணும். கூடப் பிறந்தவங்களுக்குப் பொருந்துதான்னு பாப்போம்."

எனக்குத் துளிகூடப் பொருந்தவில்லை. ஊர் உலகப் பதிவேட்டில் தேடினார்கள், அங்கேயும் ஒருவரும் இல்லை. இசக்கிக்கு மட்டும் பத்துக்குப் பத்துப் பொருந்தியது.

"அவர் ஆறு நாள் இங்க இருந்தா போதும்" என்றார் டாக்டர். "அஞ்சு நாள் தினம் ஒரு ஊசி. ஆறாவது நாள் நாலு மணி நேரம் படுத்திருக்கணும். ஒரு கையில ரத்தம் எடுத்து, வேண்டியதைப் பிரிச்சுக்கிட்டு, மிச்சத்தை மறு கையில திருப்பி விட்டுருவோம். ஆனா இந்த மாசக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள்ள முதல் ஊசி போட்டாகணும்."

ஆறு நாள். நான் ஓசூருக்குப் போன் போட்டுச் சொன்னதும் இசக்கி அழுதே விட்டான்.

"வடிவுக்காவுக்கு உசுரையே குடுப்பேன்க்கா."

"உசுரு வேண்டாம்ல. ஆறு நாள் குடு, போதும்."

"திங்கக்கிழம வந்துருதேன்."

அந்தத் திங்கள் வரவில்லை. அடுத்த திங்களும் வரவில்லை. நான் லீவு போட்டுவிட்டு ஓசூருக்குப் போனேன்.

பேட்டரி கம்பெனி வேலையை விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. சேமிப்பில் ஓட்டிக்கொண்டிருந்தான். மாடியில் ஒற்றை அறை, ஒரு கட்டில், நெற்றியில் மாட்டுகிற பட்டை ஒன்று. ஆள் பாதியாக மெலிந்திருந்தான். ஆனால் முகத்தில் ஒரு தெளிச்சி. கல்யாணம் நிச்சயமான பையன் முகம் அப்படி இருக்கும். என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான், டீ போட்டுக் கொடுத்தான், வடிவு எப்படி இருக்கிறாள் என்று பத்துத் தடவை கேட்டான்.

"அப்பம் ஏம்ல வரல?"

"வரக்கூடாதுன்னு இல்லக்கா. நெடுநிலத்துல ஒரு சின்ன வேலை பாக்கி. அத முடிச்சா இன்னொண்ணு வந்துருது."

நெடுநிலம் என்பது அந்தப் பட்டையை மாட்டிக்கொண்டு உள்ளே போகிற ஒரு விளையாட்டு. அறையிலேயே அவனை அறைந்து இழுத்துக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் இருபத்தேழு வயது ஆம்பிளையை எத்தனை மைல் இழுப்பது? தவிர, மனம் ஒத்துக் கையெழுத்துப் போட்டால்தான் ஊசி என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால், என்னதான் இருக்கிறது அங்கே என்று கேட்டேன். அவன் பட்டையை என் நெற்றியில் மாட்டிவிட்டான்.

பொய் சொல்ல மாட்டேன். நன்றாக இருந்தது. ஒரு மலைச்சரிவில் நிற்கிறேன். காலில் ஈரப் புல் குத்துகிறது, காற்றில் மழை வாசனை. கீழே ஆறு, ஆற்றுக்கு அப்பால் காடு, காட்டுக்கு அப்பால் வெள்ளையாக ஒரு மலைத்தொடர். என் முட்டி வலி போன இடம் தெரியவில்லை. பக்கத்தில் இசக்கி வில்லும் கவசமுமாக நின்றான். அங்கே அவன் பெயர் பெருவழுதி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அந்தா தெரியுதுல்லா மலை, அது படம் இல்லக்கா. நடந்தா போயிரலாம். கண்ணுக்குத் தெரியுற எடத்துக்கெல்லாம் போலாம், எவனும் தடுக்க மாட்டான்."

"போயி?"

"போனா அங்க ஆளுக இருப்பாங்க. நமக்காகக் காத்துக்கிட்டு இருப்பாங்க. கம்பெனில நான் மூணு வருசம் இருந்தேன், சூப்பர்வைசருக்கு என் பேரு தெரியாது. இங்க நான் போனாத்தான் ஒரு ஊர்ல மழையே பெய்யும்."

ஆற்றங்கரையில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே மஞ்சளாக ஒரு விளக்கு மிதந்தது. விளக்கு இருந்தால் அவர்களிடம் ஒரு வேலை இருக்கிறது என்று அர்த்தமாம். மற்றவர்களிடம் பேசுவது வெட்டி, கடந்து போய்விடலாமாம். அவள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டு, பிள்ளை கிணற்றில் விழுந்துவிட்டது, காப்பாற்றுங்கள் என்று அழுதாள்.

"ஓடுல, பிள்ளை கெணத்துக்குள்ள கெடக்கு!"

"அவ ரெண்டு வருசமா நிக்காக்கா" என்றான் இசக்கி. "ஒண்ணும் ஆவாது. நாம போற வரைக்கும் பிள்ளை அப்படியேதான் இருக்கும். இங்க யாரும் நாம போகாம சாக மாட்டாங்க."

பட்டையைக் கழற்றி எறிந்தேன். அந்த அறையில் நின்று கத்தினேன். வடிவு கிணற்றில் கிடக்கிற பொம்மைப் பிள்ளை இல்லை, அவள் நோய் நீ வருகிற வரை காத்திருக்காது, கடைசி வெள்ளி போனால் போனதுதான் என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றுக்கும் சரி என்றான். வாங்கிக்கொண்டு போன அல்வாவை ஒரு விள்ளல் சாப்பிட்டான். "திங்கக்கிழம சத்தியமா வாரேன்" என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். மனசார நினைத்துத்தான் செய்தான். அதுதான் எனக்கு ஆறவில்லை.

திங்கள் வரவில்லை. போன் அணைந்திருந்தது. மறுபடி ஓசூருக்கு ஓடினேன். வீட்டைக் காலி செய்துவிட்டு ஏதோ படுக்கை விடுதிக்குப் போய்விட்டதாக வீட்டுக்காரர் சொன்னார். விளையாடுகிறவர்கள் வரிசையாகப் படுத்துக் கிடக்கிற இடம் அது. ஓசூரில் மட்டும் நாற்பது இருக்கின்றன. எந்த வாசலிலும் பெயர் சொல்ல மறுத்தார்கள். போலீஸ் ஸ்டேஷனில் எழுத்தர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஆளு காணாமப் போகல மேடம். படுத்திருக்காரு. அதுக்கெல்லாம் கேஸ் எழுத முடியாது."

மதுரைக்குத் திரும்பி வந்தால் வடிவு என்னைச் சமாதானப்படுத்தினாள். "அவன் வருவான்க்கா. நீ கத்தாத, உனக்கு பிரஷர் ஏறும்."

அன்றைக்குத்தான் எனக்கு அந்த யோசனை தோன்றியது. பெரிய புத்திசாலி என்று என்னையே நான் மெச்சிக்கொண்டேன். விளக்கு இருக்கிறவர்களிடம்தான் பேசுவான் என்றால், எனக்கும் ஒரு விளக்கு வாங்கினால் என்ன?

மதுரையில் நெடுநிலத்தின் கிளை அலுவலகம் இருந்தது. விளையாடுகிறவர்களின் வீட்டாட்கள் முகத்தையும் குரலையும் பதிவு செய்து கொடுத்தால், அவர்களையே உள்ளே ஆளாக நிறுத்தி வைப்பார்கள். பெரும்பாலும் பிறந்த நாள் வாழ்த்துச் சொல்லத்தான் வருகிறார்களாம். கவுண்ட்டரில் பிளெஸ்ஸி என்று ஒரு பெண், எங்கள் பக்கத்து நாசரேத்துக்காரி. நல்ல மாதிரி. என் கதையைக் கேட்டு அவள் கண் கலங்கியது.

"வாழ்த்தா வெச்சா கேட்டுட்டுப் போயிருவாங்க மேடம். வேலையா வெச்சிருவோம். விளக்கு வரும், அவங்க ஒத்துக்கிட்டா நமக்குத் தகவல் வரும்."

வடிவின் போட்டோக்கள் கேட்டாள், கொடுத்தேன். நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து பேசினேன். "எலே இசக்கி, நான் கோமதி பேசுதேன். இது விளையாட்டு இல்லல. வடிவு சாகக் கெடக்கா. பட்டையக் கழத்தி எறிஞ்சிட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள மதுர ஆஸ்பத்திரிக்கு வா. உன் ரத்தம் இருந்தாத்தான் அவ பொழைப்பா."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனில் தகவல் வந்தது: உங்கள் தம்பி வேலையை ஏற்றுக்கொண்டார். வடிவிடம் காட்டினேன். இருவரும் ஆளுக்கொரு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டோம்.

திங்கள் போனது. செவ்வாய் போனது. ஓசூரிலிருந்து வருகிற ஒவ்வொரு வண்டியும் எத்தனை மணிக்கு மதுரைக்குள் நுழைகிறது என்று எனக்கு மனப்பாடம். அவன் எதிலும் இல்லை.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் போன் அடித்தது. இசக்கி. குரல் கரகரத்துப் போயிருந்தது, ஆனால் அதில் அப்படியொரு சந்தோஷம்.

"யக்கா, முடிச்சிட்டேன்க்கா!"

"எங்கல நிக்க? மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுலயா?"

"வடிவுக்கா எழும்பிட்டா! நீதானக்கா அழுதே, என் தலையத் தடவிக் குடுத்தே. வெள்ளிமலை மேல கோயில்ல என் கையக் கிழிச்சு ரத்தம் குடுத்தேன். பாதை பூரா பனி. மூணு நாளா கண்ண மூடல, சோறு திங்கல, எந்திரிக்கக்கூட இல்ல. நின்னா நேரம் போயிரும்னு நிக்கவே இல்லக்கா. பொழைச்சிட்டாள்ல?"

நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். விளையாட்டுக்குள்ளே இருந்த என்னையும் வடிவையும் சொல்கிறான் என்று புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் எனக்கு வந்த கோபத்தை எதில் எழுதுவது? அவனுக்கு மனம் இல்லாமல் இல்லை. ஊசி போட்டுக்கொண்டு கட்டிலில் படுத்திருக்கிற வேலையைவிடப் பத்து மடங்கு கஷ்டத்தை அவன் எங்களுக்காகப் பட்டிருக்கிறான். அத்தனையும் ஒன்றுமில்லாத இடத்தில் போய்க் கொட்டியிருக்கிறான்.

"எலே, வடிவு இங்க படுத்துக் கெடக்கால. எந்திரிக்கல. அது பொய்ல. இது மதுர. நீ இன்னும் வரல."

 சின்னப் பிள்ளை மாதிரி விம்மினான். "நீதானக்கா கேட்டே."

"இப்பமும் கேக்கேன். நாளு இருக்கு, வெள்ளிக்கிழமைதான் கெடு. ஓடு. பத்து மணி வண்டியப் பிடி. போன அணைக்காத."

ஓடினான். மூச்சு வாங்குவதும் ஓசூர்த் தெருவின் ஹார்ன் சத்தமும் எனக்குக் கேட்டது. வண்டியில் ஏறி உட்கார்ந்து என்னிடம் சொன்ன பிறகுதான் போனை வைத்தேன். வடிவிடம் சொன்னதும் தலையில் கட்டிக்கொள்ள நல்ல துணியாக ஒன்று எடுத்துத் தரச் சொன்னாள். பச்சை வேண்டும் என்றாள்.

அவன் வந்து சேர சாயங்காலம் நாலு மணி ஆகும். அதுவரைக்கும் சும்மா இருக்க நான் என்ன கல்லா? நேரே நெடுநிலம் அலுவலகத்துக்குப் போனேன். வரிசையில் நின்றவர்களைத் தள்ளிக்கொண்டு பிளெஸ்ஸி முன்னால் போய் நின்றேன்.

"நான் சொன்னத என்ன பண்ணினிய?"

அவள் திரையில் தேடினாள். தேடத் தேட முகம் வெளுத்தது.

"மதுரை ஆஸ்பத்திரி அந்த உலகத்துல இல்லாத எடம் மேடம். அப்படிப் பார்த்தா அது முடிக்க முடியாத வேலை. முடிக்க முடியாத வேலை இருந்தா ஆளுங்க வெறுத்துப்போய் வெளிய போயிருவாங்க. அதனால எந்திரம் தானாவே அதை முடிக்கிற மாதிரி மாத்திரும்."

"யாரு மாத்துனா? அவனைக் கூப்பிடு."

"ஆளு யாரும் இல்ல மேடம். அதுவா பண்ணிக்கும்."

"நான் பேசினத போடு."

போட்டாள். என் குரல்தான். அசல் என் குரல். "தம்பி, உன் தமக்கை வடிவு கொடுநோயுற்றுக் கிடக்கிறாள். வெள்ளிமலையின் உச்சியில் உன் குருதியைச் சிந்தினால் அன்றி அவள் பிழையாள்" என்றது. நான் பிறந்ததிலிருந்து ஒரு நாளும் குருதி என்று சொன்னதில்லை. இது விளையாட்டு இல்லை என்று நான் சொன்ன இடத்தில் காற்றும் புல்லாங்குழலும் ஓடியது. பட்டையைக் கழற்று என்று சொன்ன இடமே இல்லை.

"வெளிய வரச் சொன்னா எந்திரம் அதை எப்பவுமே எடுத்துரும் மேடம்" என்றாள் பிளெஸ்ஸி, என் முகத்தைப் பார்க்காமல்.

"இது தெரிஞ்சுமா என்னை உள்ள உக்கார வெச்சே?"

"இந்த மாதிரி இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. எல்லாரும் ஹேப்பி பர்த்டேதான் சொல்லுவாங்க."

மேஜையில் இருந்த பூச்சாடியைத் தூக்கித் தரையில் அடித்தேன். உடையவில்லை, பிளாஸ்டிக். காவலாளி என் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார். அவருக்கும் என் வயதுதான் இருக்கும். "என் மருமகனும் அதுலதாம்மா கெடக்கான்" என்று மட்டும் சொன்னார்.

நாலேகாலுக்கு இசக்கி வந்தான். தாடியும் அழுக்குச் சட்டையுமாக, கண் உள்ளே போய், மாட்டுத்தாவணியில் வண்டியை விட்டு இறங்கினான். பளாரென்று ஒன்று கொடுக்கத்தான் போயிருந்தேன். கொடுக்கவும் செய்தேன். பிறகு இருவரும் அங்கேயே கட்டிக்கொண்டு அழுதோம். புதன் சாயங்காலம் ஆகியிருந்தது, கெடு வெள்ளி. முடிந்தால் இன்றைக்கே முதல் ஊசி போட்டுவிடலாம் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

ஆட்டோவுக்கு நடக்கும்போது இடது காலை இழுத்து இழுத்து வைத்தான்.

"என்னல காலு?"

"படுத்தே கெடந்ததுல மரத்துப் போச்சுக்கா. காலைலேருந்து கெண்டைக்கால் கடுக்குது. ஓடினதுல மூச்சும் கொஞ்சம் பிடிக்கி. சரியாப் போயிரும்."

ஆஸ்பத்திரியில் வடிவைக் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்க்க விட்டார்கள். பச்சைத் துணியைக் கட்டிக்கொண்டு, கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கையை ஆட்டினாள். இவன் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான். நர்ஸ் வந்து சோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இடது கால் வலது காலைப்போல இரண்டு பங்கு வீங்கியிருப்பதை அங்கேதான் பார்த்தேன். ஸ்கேனுக்குக் கொண்டுபோனார்கள். அரை மணி நேரம் என்றார்கள், ஒன்றரை மணி ஆனது.

டாக்டர் நசீமா வெளியே வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"கால் ரத்தக்குழாய்ல பெரிய ரத்தக்கட்டி. அதுல ஒரு துண்டு நுரையீரலுக்கும் போயிருக்கு. உடனே மருந்து ஆரம்பிச்சுட்டோம், அவர் பிழைச்சுக்குவார். ஆனா இந்த நிலைமையில அந்த ஊசி போட முடியாது. போட்டா ரத்தம் இன்னும் உறையும், ஆளே போயிருவார். குறைஞ்சது மூணு மாசம் அவர்கிட்ட எதுவும் எடுக்க முடியாது."

"வடிவு மூணு மாசம் தாங்குவாளா?"

"மூணு வாரம் தாங்கலாம்மா. அதுக்கு மேல நான் பொய் சொல்ல விரும்பல."

அவர் கையில் இருந்த தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "இந்தக் கட்டி புதுசு. போன வாரம் வரைக்கும் இருந்திருக்காது. ரெண்டு மூணு நாள் தண்ணிகூடக் குடிக்காம, அசையாம, ஒரே இடத்துல கிடந்தா வர்றது. சின்ன வயசு ஆளு, அப்படி ஏன் கிடந்தார்?"

ஊரையெல்லாம் திட்டி முடித்து, கம்பெனியைத் திட்டி, எந்திரத்தைத் திட்டி, தம்பியை அறைந்தும் முடித்திருந்தேன். மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆள்தான்.

"நான்தான் டாக்டர் கேட்டேன்" என்றேன். "வடிவக் காப்பாத்துன்னு நான்தான் அவன்கிட்ட போயி நின்னேன்."

டாக்டருக்குப் புரியவில்லை. என் தோளில் கை வைத்துவிட்டு எழுந்து போனார்.

இசக்கியின் கட்டிலுக்குப் போனேன். மூக்கில் குழாய், கையில் ஊசி. யாரோ அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். அழுதழுது முகம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான்.

"யக்கா, இப்பம் நான் என்ன செய்யணும், சொல்லு. எதுன்னாலும் செய்யுதேன்."

அவன் கண்ணைப் பார்த்தேன். உண்மையாகத்தான் கேட்டான். எங்கே போகச் சொன்னாலும் போயிருப்பான், எதை அறுத்துக் கொடுக்கச் சொன்னாலும் கொடுத்திருப்பான். என்னிடம் அவனுக்குக் கொடுக்க ஒரு வேலையுமே இல்லை.

"படுத்திரு" என்றேன். "அசையாம படுத்திரு."

சரிக்கா என்று படுத்துக்கொண்டான். கையைக் காலை நேராக வைத்து, சொன்ன மாதிரியே, கொஞ்சமும் அசையாமல். நான் போர்வையை இழுத்து விட்டுவிட்டு, வடிவிடம் சொல்ல மாடி ஏறினேன்.